புள்ளி நகர்கிறதா பார்

எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு வானத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதற்காக அவ்வப்போது எழுதிவைத்த குறிப்புகள் இவை. வரிசை கிடையாது. விதி மட்டும் ஒன்று உண்டு: ஒரு தகவலை எழுதினால், அது எப்படித் தெரியவந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை கேட்கும் முதல் கேள்வியே அதுதானே: "மிஸ், அங்க யாராச்சும் போய்ப் பாத்தாங்களா?"

*

புதன்.

சூரியனை ஒருமுறை சுற்றிவர 88 நாள். தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள ஏறக்குறைய 59 நாள். இரண்டும் சேர்ந்தால் விளைவது வேடிக்கை. புதனில் ஒருவர் நின்றுகொண்டிருந்தால், ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் நடுவே 176 பூமி நாட்கள் கடந்திருக்கும். ஒரு 'நாள்' முடிவதற்குள் இரண்டு 'வருஷம்' ஓடிவிடுகிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்: ஒரே நாளில் இரண்டு பிறந்தநாள்!

எப்படித் தெரிந்தது: புதன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் சூரியனுக்குக் காட்டுகிறது என்று 1965 வரை நம்பினார்கள். அந்த ஆண்டு போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோத் தொலைநோக்கியின் தட்டிலிருந்து கோர்டன் பெட்டன்கில், ரோல்ஃப் டைஸ் என்ற இருவர் புதனை நோக்கி ரேடார் அலையை அனுப்பி எதிரொலியைப் பிடித்தார்கள். சுழலும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகிப் போகிறது. அதனால் திரும்பி வரும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் அகண்டுவிடும். எவ்வளவு அகண்டது என்று அளந்தால் கோள் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது வந்துவிடும். யாரும் போகவில்லை. அலை போய்வந்தது.

இன்னொன்று. பகலில் 430 டிகிரி செல்சியஸ் கொதிக்கும் அதே புதனின் துருவங்களில் பனிக்கட்டி இருக்கிறது. அங்கே சில பள்ளங்களின் அடிமட்டத்தில் வெயில் ஒருபோதும் படுவதில்லை. 1991இல் ரேடார் எதிரொலி அந்த இடங்களில் பளிச்சென்று வந்தது. பிறகு மெசெஞ்சர் விண்கலம் புதனைச் சுற்றிவந்து அதை உறுதிசெய்தது.

*

வெள்ளி.

புதனைவிடச் சூரியனுக்குத் தூரம். ஆனால் புதனைவிடச் சூடு: சுமார் 465 டிகிரி, இரவிலும் அப்படியே. கரியமிலவாயு அடர்ந்த காற்றுமண்டலம் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. தரையில் காற்றழுத்தம் நம் ஊரைப்போல் 90 மடங்குக்கும் மேல். சுழற்சி தலைகீழ், அதனால் சூரியன் மேற்கே உதிக்கும். ஒருமுறை சுழல 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள்.

எப்படித் தெரிந்தது: இங்கே நிஜமாகவே போய்ப் பார்த்தார்கள், ஆட்கள் இல்லாமல். சோவியத் நாட்டின் வெனேரா 13 கலம் 1982 மார்ச் 1 அன்று அங்கே இறங்கியது. 32 நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும் என்று கட்டப்பட்ட கலம் 127 நிமிடம் உழைத்தது. வண்ணப் படங்களை அனுப்பியது. பழுப்பேறிய தட்டைப் பாறைகளும், ஓரத்தில் கலத்தின் பல்வரிசை விளிம்பும் அந்தப் படத்தில் தெரியும். பிள்ளைகளிடம் படத்தை நீட்டிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். கேள்விகள் தாமாக வரும்.

*

செவ்வாய், துண்டு துண்டாக.

அங்கே சூரியன் மறையும்போது அதைச் சுற்றி வானம் நீலமாக இருக்கும். காற்றில் மிதக்கும் நுண்தூசி நீல ஒளியை அதிகம் சிதறவிடாமல் நேராக முன்னே அனுப்புகிறது. கியூரியாசிட்டி ஊர்தி 2015இல் எடுத்த வண்ணப் படங்கள் இருக்கின்றன.

ஒலிம்பஸ் மோன்ஸ் எரிமலையின் உயரம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர், எவரெஸ்ட்டைப் போல் இரண்டரை மடங்கு. அடிவாரத்தின் அகலம் சுமார் 600 கிலோமீட்டர். அடிவாரத்தில் நிற்பவருக்கு மலை முழுதாகத் தெரியவே தெரியாது.

போபோஸ் என்ற நிலா செவ்வாயை 7 மணி 39 நிமிடத்தில் சுற்றிவிடுகிறது. செவ்வாய் சுழல்வதைவிட அது வேகம். ஆகவே அங்கிருந்து பார்த்தால் போபோஸ் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும்.

2021 ஏப்ரல் 19: இன்ஜெனுயிட்டி என்ற 1.8 கிலோ எடையுள்ள ஹெலிகாப்டர் செவ்வாயில் பறந்தது. மூன்று மீட்டர் உயரம், 39 நொடி. அங்கே காற்றின் அடர்த்தி நம் காற்றில் நூற்றில் ஒரு பங்கு என்பதால் இறக்கைகளை மிக வேகமாகச் சுழற்ற வேண்டியிருந்தது. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்து இறக்கைத் துணியில் ஒரு சின்னத் துண்டு அதன் உடம்பில் ஒட்டப்பட்டிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துக்கொள்ளும். மறைக்க முயல்வதில்லை. பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும்.

*

மைதானத்தில் ஒரு மாதிரி.

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டு டேப்பும் சுண்ணக்கட்டியும் எடுத்துப் போனோம். புதன் 40 சென்டிமீட்டரில், வெள்ளி 70இல், பூமி ஒரு மீட்டரில், செவ்வாய் ஒன்றரையில். கோள்களாக நின்ற நான்கு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். சிறுகோள் பட்டையில் உள்ள செரஸ் 2.8 மீட்டர். வியாழன் 5.2. சனி 9.5. யுரேனஸ் 19. நெப்டியூனாக நின்ற பையன் 30 மீட்டர் தள்ளி மதில் பக்கம் போய்விட்டான். "நான் மட்டும் ஏன் தனியா?" என்று அங்கிருந்தே கத்தினான். நிஜத்தில் சூரிய ஒளி பூமிக்கு வர எட்டு நிமிடமும் சொச்சமும். நெப்டியூனுக்குப் போகச் சுமார் நான்கு மணி நேரம்.

இந்த அளவில் சூரியனின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. வியாழன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பூமியைச் சுண்ணக்கட்டியால் வரையவே முடியாது, அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இப்போது 165 மீட்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி? 268 கிலோமீட்டர். சென்னையில் கோடு போட ஆரம்பித்தால் நேர்கோட்டில் கும்பகோணத்தைத் தாண்டவேண்டும். மைதானத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டதும் எல்லோரும் தெற்கே திரும்பிப் பார்த்தார்கள்.

*

சிறுகோள் பட்டை என்றால் பாறைகள் முட்டி மோதும் இடம் என்று சினிமாவில் பார்த்திருக்கிறார்கள். மாதிரியில் அது 2.1 மீட்டரிலிருந்து 3.3 மீட்டர் வரை உள்ள வளையம். அந்தப் பட்டையில் உள்ள அத்தனையையும் திரட்டினாலும் நம் நிலாவின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குதான் தேறும். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செரஸ் ஒன்றிலேயே இருக்கிறது. ஒரு பாறையின் மேல் நின்று பார்த்தால் பக்கத்துப் பாறை கண்ணில் படுவதே அபூர்வம். பயோனியர் 10 விண்கலம் முதன்முதலாக அதைக் கடந்தபோது (1972-73) பத்திரமாகப் போய்ச்சேர்ந்தது.

*

கண்ணில் பட்டால் போதாது.

யுரேனஸை 1690இலேயே ஜான் பிளாம்ஸ்டீட் தொலைநோக்கியில் பார்த்து, ரிஷப மண்டலத்தின் 34ஆம் நட்சத்திரம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார். கலிலியோ 1612 டிசம்பரில் வியாழனுக்கு அருகே நெப்டியூனைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறார், அதுவும் நட்சத்திரமாகத்தான்.

1781 மார்ச் 13. இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல், தொழிலால் இசைக் கலைஞர், தன் கையால் செய்த தொலைநோக்கியில் ஒரு புள்ளியைப் பார்த்தார். அது மற்ற நட்சத்திரங்களைப்போல் இல்லை, கொஞ்சம் தட்டாகத் தெரிந்தது. சில நாள் கழித்துப் பார்த்தபோது இடம் மாறியிருந்தது. வால்மீன் என்று நினைத்தார். பாதையைக் கணக்கிட்டபோது கோள் என்று ஆயிற்று. தொலைநோக்கியால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் கோள்.

பிளாம்ஸ்டீட் பார்த்ததும் அதே ஒளிதான். நகர்ந்ததைக் கவனித்தவர் ஹெர்ஷல். பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது மொத்தமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அளவும் எண்ணும் மறந்துபோகலாம், புத்தகத்தில் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். நேற்று எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

*

செரஸ் தொலைந்துபோன கதை.

1801 ஜனவரி 1, சிசிலித் தீவின் பலெர்மோ. புத்தாண்டு நாளிலும் வேலையை விடாத ஜுசெப்பே பியாசி பட்டியலில் இல்லாத புள்ளி ஒன்றைக் கண்டார். பிப்ரவரி வரை பின்தொடர்ந்தார். பிறகு அது சூரியனுக்குப் பின்பக்கமாகப் போய்விட்டது. மறுபடி எங்கே தேடுவது? கார்ல் பிரெட்ரிக் காஸ், அப்போது வயது 24, கையில் இருந்த சில அளவீடுகளை வைத்துக்கொண்டு பாதையைக் கணித்துச் சொன்னார். அந்த ஆண்டின் கடைசி நாளில், அவர் சொன்ன இடத்தை ஒட்டியே செரஸ் மறுபடி அகப்பட்டது. ஆண்டின் முதல் நாள் கிடைத்தது, நடுவில் தொலைந்தது, கடைசி நாள் திரும்பக் கிடைத்தது. கதைக்கு இதைவிட நல்ல கட்டுக்கோப்பு கிடையாது. கணக்குப் பாடம் கசக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்வேன்.

செரஸின் குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர். 2015இல் டான் விண்கலம் நெருங்கியபோது ஒரு பள்ளத்துக்குள் வெள்ளை வெளேரென்று புள்ளிகள் தெரிந்தன. ஆராய்ந்தால் சோடியம் கார்பனேட், உப்பு வகை. உள்ளிருந்து கசிந்த உவர்நீர் காய்ந்து படிந்தது.

*

நுங்கம்பாக்கம்.

சென்னைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லவேண்டியது. நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் வானாய்வகம் எழுந்தது. பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. தமிழ் உட்படச் சில மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறது.

நார்மன் போக்சன் 1861இல் அங்கே பொறுப்பேற்று வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். எண் 67. அதன் பிறகு அதே இடத்திலிருந்து சாப்போ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885).

எப்படித் தெரிந்தது: அப்போது சிறுகோள் தேடப் புகைப்படம் கிடையாது. தொலைநோக்கியில் தெரியும் நட்சத்திரங்களை வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று இருந்தால் மறுநாள் இரவும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் கண்டுபிடிப்பு. மெட்ராஸ் புழுக்கத்தில் இதை வருஷக்கணக்கில் செய்தார் போக்சன். 1891இல் இறக்கும் வரை இந்த ஊரில்தான் இருந்தார்.

அவரோடு பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்துபோகும் நிகழ்வு வந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி அதை விளக்கிச் சிறுநூல் எழுதி இந்திய மொழிகளில் கொண்டுவந்தார். வானத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் நூற்றைம்பது ஆண்டுப் பழையது. நூலகத்தில் பாய் விரித்து உட்காரும்போது எனக்கு அவர் நினைவு வரும்.

பின்கதை: சில்வியாவுக்கு ஒரு குட்டி நிலா இருப்பது 2001இல் தெரிந்தது. பிறகு இரண்டாவது நிலாவும் கிடைத்தது. இரண்டு நிலாக்கள் உள்ளதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். பெயர்கள் ரோமுலஸ், ரீமஸ். கமில்லாவுக்கும் இரண்டு நிலாக்கள் உண்டு என்று பின்னர் தெரியவந்தது. போக்சன் பார்த்தது வெறும் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் ஒரு குடும்பமே இருந்திருக்கிறது.

*

காவலூர்.

ஜவ்வாது மலையில் வாணியம்பாடிப் பக்கம். அங்கே உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் குழுவினர் 'கல்கி' என்ற தேடல் திட்டத்தை நடத்தினார்கள். 1988 பிப்ரவரி 17 அன்று கிடைத்தது சிறுகோள் 4130. கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். வேராவுக்குப் பிறகு நூறு ஆண்டுக்கும் மேல் இடைவெளி விட்டு, இந்திய மண்ணிலிருந்து மறுபடி ஒரு சிறுகோள்.

இன்னொரு இரவு, 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோக இருந்தது. நட்சத்திரம் மறைவதைக் கொண்டு யுரேனஸின் காற்றுமண்டலத்தை அளக்கலாம் என்று பல இடங்களில் காத்திருந்தார்கள். ஜேம்ஸ் எலியட் குழு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்துகொண்டிருந்தது. நேரம் முன்பின் ஆகலாம் என்று கருவிகளை முன்கூட்டியே இயக்கிவைத்தார்கள். கோள் வருவதற்கு முன்பே நட்சத்திர ஒளி சட்டென்று மங்கித் திரும்பியது. பிறகு இன்னொரு முறை. ஆக ஐந்து முறை. கோள் கடந்துபோன பிறகு மறுபக்கத்திலும் அதேபோல் ஐந்து முறை. இரண்டு பக்கமும் அப்படி மங்க வேண்டுமானால் கோளைச் சுற்றி வளையங்கள் இருக்க வேண்டும்!

அதே இரவில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் நட்சத்திரம் மங்கியது பதிவாயிற்று. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை எழுதி வெளியிட்டார்கள். யுரேனஸின் வளையங்களை அன்று யாரும் கண்ணால் காணவில்லை. மறைந்த வெளிச்சத்தை வைத்து மறைத்தது எது என்று சொன்னார்கள். பின்னாளில் இதே வழியில்தான் சாரிக்லோ என்ற 250 கிலோமீட்டர் அளவுச் சின்னப் பொருளுக்கும் வளையங்கள் உண்டு என்று 2013இல் பிடித்தார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டலாம். சுவரில் டார்ச் வெளிச்சம், நடுவே ஒருவர் கம்பி வளையம் மாட்டிய பந்தை மெதுவாக நகர்த்த வேண்டும். மற்றவர்கள் பந்தைப் பார்க்கக் கூடாது. சுவரை மட்டும் பார்த்து "மங்குது!" என்று குரல் கொடுக்க வேண்டும்.

*

சனியின் காது.

கலிலியோ 1610இல் சனியைப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. 1612இல் பார்த்தால் அவற்றைக் காணோம். குழம்பிப்போனார். 1659இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் விளக்கம் தந்தார்: அது கோளைத் தொடாமல் சுற்றியிருக்கும் தட்டையான வளையம், விளிம்பு நமக்கு நேராக வரும்போது தெரியாமல் போய்விடும். முதன்மை வளையங்கள் குறுக்காக 2,70,000 கிலோமீட்டருக்கும் மேல். தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டருக்குள். 2025 மார்ச்சிலும் அப்படி ஒருமுறை நம் கண்ணுக்கு மறைந்தன.

*

புளூட்டோ.

1930 பிப்ரவரி 18. கிளைட் டாம்பா, விவசாயக் குடும்பத்துப் பையன், 24 வயது. அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில், ஜனவரி 23, 29 ஆகிய இரண்டு இரவுகளில் எடுத்த கண்ணாடித் தகடுகளை ஒரு கருவியில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் துள்ளியது.

பெயர் வைத்தது 11 வயதுப் பெண். ஆக்ஸ்ஃபோர்டில் வெனிஷியா பர்னி காலைச் சாப்பாட்டு மேசையில் தாத்தா செய்தித்தாளைப் படித்துக்காட்டியபோது 'புளூட்டோ' என்று சொன்னாள். நூலகராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா அதை ஒரு வானியலாளரிடம் சொல்ல, அங்கிருந்து தந்தி போனது. ஊக்கமாகத் தாத்தா ஐந்து பவுண்டு கொடுத்தாராம்.

புளூட்டோ ஒருமுறை சூரியனைச் சுற்ற 248 ஆண்டு. கண்டுபிடித்த நாளிலிருந்து அதற்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. முதல் பிறந்தநாள் 2178இல். 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் அதைக் கடந்துபோனபோது டாம்பாவின் அஸ்தியில் கொஞ்சம் அந்தக் கலத்தில் இருந்தது.

பெயர் வைத்த பிள்ளைகள் இன்னும் உண்டு. பென்னு என்ற சிறுகோளுக்கு 2013இல் பெயர் கொடுத்தது அமெரிக்காவின் 9 வயதுப் பையன். நம் விஸ்வநாதன் ஆனந்துக்கும் ஒரு சிறுகோள் இருக்கிறது: 4538 விஷியானந்த். செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

*

பென்னுவில் குதிக்கக் கூடாது.

குறுக்களவு அரைக் கிலோமீட்டர். அங்கே ஈர்ப்பு அவ்வளவு குறைவு. நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகம் இருந்தாலே தப்பிப் போய்விடலாம். நம் ஊரில் ஓரடி உயரம் எகிறிக் குதிக்கும் பிள்ளை அங்கே குதித்தால் திரும்பி வராது.

2020 அக்டோபர் 20 அன்று ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் அதன் மேல் கையை நீட்டி மண் எடுத்தது. தரை கெட்டியாக இல்லை. வீடு கட்டும் இடத்தில் கொட்டிவைத்த ஜல்லிக் குவியல் காலை வைத்ததும் சரிவதைப்போல் கை உள்ளே போய்விட்டது. பென்னு ஒற்றைப் பாறை இல்லை, உடைந்த கற்கள் ஈர்ப்பால் ஒட்டிக்கொண்ட கூட்டம். 2023 செப்டம்பர் 24 அன்று மாதிரி பூமிக்கு வந்தது. 121.6 கிராம். அதற்குள் உப்புகள், அமினோ அமிலங்கள். முன்னோடி ஜப்பான்: ஹயபூசா கலம் 2010இல் இடோகாவா என்ற சிறுகோளிலிருந்து தூள் கொண்டுவந்தது, ஹயபூசா 2 ரியூகுவிலிருந்து 2020இல் 5.4 கிராம்.

*

"நம்ம மேல விழுந்தா?"

கட்டாயம் வரும் கேள்வி. சிரித்து மழுப்பக் கூடாது. உண்மையை அப்படியே சொல்ல வேண்டும்.

விழுந்திருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சுமார் 10 கிலோமீட்டர் அளவுள்ள ஒன்று இன்றைய மெக்சிகோவின் யுகட்டான் பக்கம் விழுந்தது. டைனோசர்களின் காலம் முடிந்தது (பறவைகள் மட்டும் மீதி). எப்படித் தெரிந்தது: பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் அதிகமாகவும் இருக்கும் இரிடியம், அந்தக் காலத்து மெல்லிய களிமண் படிவில் குவிந்திருந்தது. லூயிஸ் ஆல்வரெஸ், அவர் மகன் வால்டர் குழு 1980இல் அதை வெளியிட்டது. பள்ளம் இன்னது என்று உறுதியாக மேலும் பத்தாண்டு ஆயிற்று.

2013 பிப்ரவரி 15, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க். சுமார் 20 மீட்டர் அளவுள்ள கல் வானிலேயே வெடித்தது. பளீரென்ற வெளிச்சத்தைப் பார்க்க மக்கள் ஜன்னலருகே போனார்கள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளை உடைத்தது. சுமார் 1,500 பேருக்குக் காயம். ஆகவே பிள்ளைகளுக்குப் பாடம்: வானில் சூரியனைப்போல் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகு. ஒளி முதலில் வரும், ஓசை பின்னால் வரும். இடியிலேயே இதைக் கற்றுவிடலாம்.

தடுக்க முடியுமா? 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் என்ற கலத்தைச் சுமார் 160 மீட்டர் அளவுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மேல் வேண்டுமென்றே மோதவிட்டார்கள். அது தன் பெரிய இணையைச் சுற்றும் நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து அரைமணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. இதையும் தொலைவிலிருந்து ஒளி மங்கும் நேரத்தை அளந்துதான் சொன்னார்கள். மனிதர்கள் ஒரு விண்பொருளின் பாதையை மாற்றிய முதல் நிகழ்ச்சி. பயந்த முகங்கள் இந்த இடத்தில் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

*

நாள் குறித்துக்கொள்ள: அபோபிஸ்.

சுமார் 350 மீட்டர் அளவுள்ள சிறுகோள். 2029இல் பூமிக்கு மேலே ஏறக்குறைய 32,000 கிலோமீட்டரில் கடந்துபோகும். டிவி ஒளிபரப்புக்கான செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தைவிடக் கிட்டே. மோதாது. அடுத்த நூறு ஆண்டுக்கு அதனால் ஆபத்தில்லை என்று 2021இல் ரேடாரில் அளந்து உறுதிசெய்துவிட்டார்கள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாப் பகுதிகளில் கருவி இல்லாமலே நகரும் புள்ளியாகத் தெரியும். மிக நெருங்கும் நேரம் நம் கடிகாரப்படி ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் வாக்கில். சித்திரை முதல் நாள்! இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அன்றும் பள்ளியில்தான் இருப்பார்கள். அந்த ஆண்டைச் சிறுகோள் விழிப்புணர்வு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது.

*

அடுத்த வாரங்களுக்கு வேலை.

வியாழன் இரவில் தெரியும் மாதங்களில் ஒரு பைனாகுலர் போதும். சுவரிலோ மாடிக் கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றிக்கொண்டால் ஆடாது. (சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது, அதனால் இருட்டிய பிறகுதான் கையில் கொடுப்பது.) வியாழனுக்கு இருபுறமும் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ மூன்றைப் பார்த்தார், சில நாளில் நான்காவதையும். அவை வியாழனின் நிலாக்கள்: அயோ ஒருமுறை சுற்ற 1.8 நாள், யூரோப்பா 3.6, கனிமீடு 7.2, காலிஸ்டோ 16.7.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வட்டமும் அதன் இருபக்கமும் புள்ளிகளும் வரைய வேண்டும். படத்தின் கீழே தேதியும் நேரமும் எழுத வேண்டும், அவை இல்லாத படம் எதற்கும் உதவாது. மேகம் மறைத்த இரவில் 'மேகம்' என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் போனதும் எல்லாப் படங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டி, எந்தப் புள்ளி எந்த நிலா என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வேகமாக இடம் மாறுவது எது, சோம்பலாக நகர்வது எது என்பதே துப்பு. விடையைச் சொல்லும் செயலி எல்லோர் வீட்டு போனிலும் இருக்கிறது. அதைத் திறப்பது கடைசி நாளில், அவர்கள் தங்கள் விடையை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு.